ஓட்டை இல்லாத இலை

கொங்குப் பக்கத்து மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் மெச்சிப் பேசுவதுண்டு. அவர்களுக்கென்ன, பேசிவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். இங்கேயே குப்பை கொட்டுகிறவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். ஒருத்தரைத் திட்டுவதானாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்ட வேண்டும். ஒருத்தர் செய்தது தப்பு என்று சொல்லப் போனால், முதலில் காப்பி குடித்து, மழையைப் பற்றிப் பேசி, பிள்ளைகள் படிப்பை விசாரித்து, கடைசியில் தப்பைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட வேண்டும். காரமடைக்கு மேற்கே, ஐந்து பேர் சேர்ந்து ஆரம்பித்த இயற்கை விவசாயக் குழு இரண்டு வருடம் இந்த லட்சணத்தில்தான் நடந்தது.

குழுவின் ஏற்பாடு எளிமையானது. ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் மூன்று வருடம் காய்கறி விளைவித்துக் காட்டினால் சான்று கிடைக்கும். வெளியிலிருந்து அதிகாரி யாரும் வந்து பார்ப்பதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை சீட்டுப் போட்டு, ஒருவர் தோட்டத்தை இன்னொருவர் போய்ப் பார்த்து, படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். யாராவது தவறியதைக் குழுவே கண்டுபிடித்து எழுதிவிட்டால், அந்த ஒருவர் மட்டும் மறுபடி முதல் வருடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். குழு அதை மறைத்து, பின்னால் காயைச் சோதிக்கும்போது மாட்டிக்கொண்டால் ஐந்து பேருக்கும் சான்று போச்சு. இந்த விதியை எழுதிய புண்ணியவான் நிச்சயம் இந்தப் பக்கத்து ஆள் இல்லை. இங்கே ஒருத்தர் தோட்டத்துக்குள் புகுந்து இலையைத் திருப்பிப் பார்ப்பது, அவர் சமையலறைக்குள் புகுந்து சட்டியைத் திறந்து பார்ப்பதற்குச் சமம். ஆகவே பார்க்கப் போனவர்கள் முன்னறையில் உட்கார்ந்தார்கள், தட்டுவடை தின்றார்கள், கையெழுத்துப் போட்டார்கள். ஐந்து பேரில் ஒருவர் கால்கூட வரப்பைத் தாண்டவில்லை.

மூன்றாம் வருடச் சீட்டில், ஐவரில் ஒருத்தியான பொற்கொடிக்கு இன்னொருத்தியான சாமியாத்தாளின் தோட்டம் விழுந்தது.

சீட்டைப் பிரித்த பொற்கொடி, வேறு யாருடையதாவது விழுந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள். காரணம் தண்ணீர். அவளுக்கும் அவள் வீட்டுக்காரன் மயில்சாமிக்கும் சொந்தமாக இருந்தது முக்கால் ஏக்கர். போர் போட்டு எழுநூறு அடி போயும் புழுதிதான் வந்தது. சாமியாத்தாளின் கிணற்றிலிருந்து மூன்று நாளைக்கு ஒரு தடவை, காலையில் இரண்டு மணி நேரம் வருகிற தண்ணீரில்தான் அவள் கத்தரி நின்றது. அந்தத் தண்ணீரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல. குழு ஆரம்பிக்க ஐந்து பேர் வேண்டும். நாலு பேர்தான் தேறினார்கள். ஐந்தாவது ஆளாகப் பொற்கொடியைக் கூப்பிட்டபோது, தண்ணீர் இல்லாமல் என்ன விவசாயம் என்றாள். அப்படிக் கிடைத்த தண்ணீர்.

தண்ணீரோடு இன்னொன்றும் கிடைத்தது. அதே தோட்டத்தில் எட்டு வருடம் கூலிக்குப் போனவள் பொற்கொடி. சாமியாத்தாளின் கணவர் இருந்த காலத்தில், மருந்தடிக்கிற ஆளுக்குத் தண்ணீர் சுமந்து, மருந்தைக் கலக்கிக் கொடுப்பது அவள் வேலை. அப்போதெல்லாம் “ஏம்புள்ளே” என்றுதான் சாமியாத்தாள் கூப்பிடுவாள். குழு வந்த பிறகு அது “அம்மணி” ஆனது. முன்னறை நாற்காலியில் உட்காரச் சொன்னதும் அதற்குப் பிறகுதான். பொற்கொடி அதை வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும், அந்த நாற்காலி அவளுக்குப் பிடித்திருந்தது.

மாசி பிறந்த வாரத்தில் ஒரு காலை, படிவத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

“வா அம்மணி, உக்காரு. பேனா இருக்குதா, நான் தரட்டுமா?” என்றாள் சாமியாத்தாள். அறுபது வயது, ஒற்றை நாடி உடம்பு, குரலில் எப்போதும் ஒரே நிதானம். காப்பி தயாராக ஆற்றி வைத்திருந்தது.

“பேனா இருக்குதுங்க. ஒரெட்டு தோட்டத்தப் பாத்துப்போட்டு வந்துர்றனுங்க.”

“எதுக்கு?”

“பாத்தாத்தானுங்களே எழுதறதுக்கு.”

சாமியாத்தாள் காப்பி டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள். “போன வருசம் நம்ம தலைவரு திருமலைசாமி வந்தாரு. இங்கயே உக்காந்து எழுதிப்போட்டுப் போனாரு” என்றாள். பொற்கொடி சிரித்து மழுப்பிவிட்டு இறங்கி நடந்தாள். ஏன் இறங்கினாள் என்று அவளைக் கேட்டால் பெரிய நியாயமெல்லாம் சொல்ல மாட்டாள். அவள் கத்தரிக்காய் இரண்டு வருடமாக மயில்சாமி ஓட்டும் வேனில் காந்திபுரத்துக் கடை ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. சான்று வந்தால்தான் தொடர்ந்து எடுப்போம் என்று கடைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அடுத்தவர் தவறை மறைத்தால் தன்னுடையதும் போகும் என்பது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

கத்தரிச் செடிகளைப் பார்த்ததும் முதலில் அவளுக்குப் பொறாமைதான் வந்தது. இடுப்பளவு செடி, கருகருவென்று இலை, ஒரு இலையில்கூட ஓட்டை இல்லை. அவள் தோட்டத்தில் மூன்று இலைக்கு ஒன்றில் ஓட்டை இருக்கும். வேப்பங்கொட்டைக் கரைசலும் ஐந்திலைக் கரைசலும் மாற்றி மாற்றித் தெளித்தும், துளைத்த தண்டை வாரம் தவறாமல் கிள்ளி எரித்தும், நூறு காய்க்குப் பத்தைப் புழுவுக்குக் கொடுத்துவிட்டுத்தான் மிச்சத்தை எடுப்பாள். இங்கே ஒரு காயில்கூடத் துளை இல்லை.

நாலு பாத்தி நடந்த பிறகு பொறாமை போய் வேறு ஒன்று வந்தது. ஒரு இலையைத் திருப்பினாள், எதுவும் இல்லை. இன்னொன்றைத் திருப்பினாள், அதிலும் இல்லை. எட்டுக்காலி இல்லை, எறும்பு இல்லை, பொறிவண்டு இல்லை. பனி காயாத அந்த நேரத்தில் செடிக்குச் செடி சிலந்தி வலை மின்ன வேண்டும். ஒரு நூல்கூடக் காணோம். ஓரத்தில் தட்டைப்பயறு விதைத்திருந்தார்கள். தட்டைப்பயறை விதைப்பதே அதில் செடிப்பேன் பிடிக்கட்டும், பேனைத் தின்னப் பொறிவண்டு வரட்டும், வந்தது அப்படியே கத்தரிக்கும் தாவட்டும் என்றுதான். அந்தப் பயறுகூடக் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. குச்சியில் கட்டியிருந்த மஞ்சள் ஒட்டு அட்டையில் தூசிதான் ஒட்டியிருந்தது. மருந்தடித்த காலத்தில் எட்டு வருடம் பார்த்த அதே தோட்டம், அதே மாதிரி இருந்தது.

திரும்பும் வழியில் மோட்டார் கொட்டகை. உள்ளே ஜன்னல் மேடையில் ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று நின்றது. பச்சை லேபிள், வேப்பிலைப் படம், ‘நூறு சதம் இயற்கை’ என்று கொட்டை எழுத்து. பொற்கொடி மூடியைத் திருகி மூக்கருகே கொண்டுபோனாள். வேப்பெண்ணெய் வாடை மேலாக அடித்தது. அதற்கு அடியில், அழுகின வெள்ளைப்பூண்டு போல ஒரு வாடை. அவள் தொண்டை தானாகக் கரித்தது. மருந்து கலக்கிய எட்டு வருடத்தில் அவள் மூக்கு படித்த ஒரே பாடம் அது.

“தம்பி கம்ப்யூட்டர்ல பாத்து வாங்கி உட்டுது” என்றது பின்னால் சாமியாத்தாளின் குரல். பெங்களூரில் இருக்கும் மகன் கிருபாசங்கரைத்தான் தம்பி என்பாள். “எல போட்டிருக்குது பாரு.”

“பாத்தனுங்க.”

“பொறவென்ன?”

“வாட சரியில்லீங்கம்மா. இதுல என்னமோ கலந்திருக்குதுங்க. செடியில ஒரு எட்டுக்காலி கூட இல்லீங்க.”

“பூச்சி இல்லாம இருக்கறது ஒரு குத்தமா? பூச்சி வரக்கூடாதுன்னுதான அம்மணி இத்தனை பாடும்?”

கேட்பதற்கு நியாயமான கேள்விதான். வேப்பிலை போட்ட பாட்டிலில் விஷத்தைக் கலந்து விற்றவன் எங்கேயோ சுகமாக இருக்கிறான். அவனை விட்டுவிட்டு இந்த அம்மாவிடம் மல்லுக்கு நிற்கிறோமே என்று அவளுக்கே சங்கடமாக இருந்தது. இரண்டு பேரும் முன்னறைக்கு வந்தார்கள். பொற்கொடி நாற்காலியில் உட்கார்ந்து, காப்பியைத் தொடாமல், படிவத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள்: தோட்டத்தில் கெட்ட பூச்சியும் இல்லை, நல்ல பூச்சியும் இல்லை. கொட்டகையில் உள்ள பாட்டிலில் மருந்து வாடை அடிக்கிறது. சோதித்துப் பார்க்க வேண்டும். கீழே கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள்.

சாமியாத்தாள் கண்ணாடி போட்டு அதை இரண்டு தடவை படித்தாள். “காப்பி ஆறிப்போச்சு. சுடவெச்சுத் தாரேன், குடிச்சுட்டுப் போ” என்றாள்.

அதுதான் சண்டை. இந்த ஊரில் அதைவிடப் பெரிய சண்டை கிடையாது.

இரண்டு நாள் கழித்து தண்ணீர் முறை. விடிந்ததும் பொற்கொடி மண்வெட்டியோடு போய் நின்றாள். குழாயில் காற்றுக்கூட வரவில்லை. போன் பண்ணினாள்.

“மோட்டார்ல காயில் கருகிப்போச்சு கண்ணு. கழட்டி வேலைக்குக் குடுத்திருக்கறோம்” என்றாள் சாமியாத்தாள்.

“அப்பிடிங்களா. செரிங்க.”

அடுத்த முறைக்கும் காயில் வரவில்லை. அதற்கடுத்த முறைக்கும் வரவில்லை. ஆனால் காலையில் காற்று இந்தப் பக்கம் வீசும்போது கிழக்கே மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. பொற்கொடி அதைக் காதில் வாங்கிக்கொண்டே களை பிடுங்கினாள். மயில்சாமிக்குத்தான் பொறுக்கவில்லை.

“போய் நேர்ல கேட்டறட்டுமா?”

“கேட்டா காப்பி குடுப்பாங்க. குடிச்சுப்போட்டு வருவீங்களா?”

குழுத்தலைவர் திருமலைசாமி வீட்டுக்கே வந்தார். படிவம் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. உட்கார்ந்தார், மழையைப் பற்றிப் பேசினார், பிள்ளைகளை விசாரித்தார். கடைசியில், “அந்தக் கடைசிப் பக்கத்த மட்டும் சித்த மாத்தி எழுதிக் குடுத்துட்டீன்னா எல்லாருக்கும் நல்லது அம்மணி. பெரியவங்க மனசு வருத்தப்படுது” என்றார்.

“நான் எழுதுனது தப்புங்களா?”

“தப்புன்னு நான் சொல்லலீயே.”

“நீங்க ஒருக்கா போய் அந்தப் பாட்டல மோந்து பாருங்க. தப்புன்னாச் சொல்லுங்க, மாத்திப்போடறேன்.”

அவர் போகவில்லை. போனால் பார்க்க வேண்டியிருக்கும். பார்த்தால் சொல்ல வேண்டியிருக்கும். படிவத்தை அப்படியே மேலே அனுப்பிவிட்டார். சாமியாத்தாளின் தோட்டம் மறுபடி முதல் வருடத்துக்குப் போனது. மற்ற நாலு பேருக்கும் பங்கம் வரவில்லை. அந்த நாலில் மற்ற மூன்று பேரும் பொற்கொடிக்கு நன்றி சொல்லவில்லை; சாமியாத்தாளைப் பார்த்தால் மட்டும் வருத்தமாகத் தலையாட்டினார்கள்.

மாசி வெயில் ஏறியது. செடிகளின் காலடியில் பொற்கொடி தென்னை மட்டையும் வைக்கோலும் மூடாக்காகப் போட்டிருந்ததால் மண்ணில் ஈரம் ஒரு வாரம் தாக்குப்பிடித்தது. பிறகு மயில்சாமி வேலை முடிந்து வரும்போது வேனில் ஆறு கேன் தண்ணீர் கொண்டு வந்தான். முக்கால் ஏக்கருக்கு ஆறு கேன் எந்த மூலைக்கு? ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் வரப்பில் நின்று முடிவு செய்தார்கள். மேல்பாத்திகளை மட்டும் காப்பாற்றுவது, கீழ்ப்பாத்திகளை விட்டுவிடுவது. கீழ்ப்பாத்திதான் நல்ல மண். அவள் முதலில் நட்டதும் அங்கேதான். பத்து நாளில் அது சருகாகிவிட்டது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பொற்கொடிக்கு அழுகை வரும், அதைவிட ஆத்திரம் வரும். தோட்டத்தைப் பார்க்காமல் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் எல்லாம் பச்சையாக இருந்திருக்கும் என்று ஒரு நாளைக்கு நாலு தடவையாவது நினைத்துக்கொள்வாள்.

தண்ணீர் நின்ற இருபதாம் நாள், காலை எட்டு மணி வாக்கில், வரப்பில் யாரோ வருவது தெரிந்தது. புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, காலைப் பார்த்துப் பார்த்து வைத்து சாமியாத்தாள் வந்தாள். குழு ஆரம்பித்து மூன்று வருடத்தில் அவள் இந்த வரப்பில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கையில் ஒரு பாலித்தீன் கவர்.

“ஏனுங்கம்மா, இத்தனை தூரம்? சொல்லி உட்டிருந்தா நான் வந்திருப்பனுங்களே.”

சாமியாத்தாள் கவரைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு கத்தரிக் கொப்பு. அது கத்தரி என்றே தெரியவில்லை, அவ்வளவு வெள்ளை. தண்டு, இலை, மொட்டு எல்லாவற்றிலும் மாவுப்பூச்சி அப்பியிருந்தது.

“தோட்டம் பூராத்துலயும் இப்பிடித்தான் அம்மணி. பத்து நாள்ல. வேப்பெண்ணெய் அடிச்சேன், சோப்புக் கரைசல் அடிச்சேன், மீன் கரைசல் ஊத்தினேன். நிக்கல. உனக்கு வரலியா?”

“வரும்ங்க. எல்லாத்துக்கும் வரும்ங்க.”

சாமியாத்தாள் பாத்திக்குள் இறங்கி, அவளாகவே ஒரு இலையைத் திருப்பினாள். அடியில் மாவுப்பூச்சி கொஞ்சம் இருந்தது. அதன் நடுவே, அதே வெள்ளையில், கொஞ்சம் பெரியதாக ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. “இதோ, உனக்கும் இருக்குதே. எத்தாம்பெருசு பாரு” என்று நசுக்கக் கட்டைவிரலை வைத்தாள்.

பொற்கொடி அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துவிட்டாள். அந்த அம்மாவின் கையை அவள் தொட்டது அதற்கு முன் கிடையாது. இரண்டு பேருக்கும் அது உறைத்தது. பொற்கொடி மெதுவாக விட்டாள்.

“அது மாவுப்பூச்சி இல்லீங்க. மாவுப்பூச்சியத் திங்கறதுங்க. பொறிவண்டோட புழு. பாக்க அச்சு அசலா அதேமாதிரிதான் இருக்கும்ங்க. மொத வருசம் தெரியாம நானும் எங்கூட்டுக்காரரும் ரெண்டு நாள் குத்தவெச்சு எல்லாத்தையும் நசுக்கிப்போட்டமுங்க. அந்த வருசம் காயே எடுக்கல.”

சாமியாத்தாள் குனிந்து பார்த்தாள். அந்தப் பெரியது ஒரு சிறியதைக் கவ்விக்கொண்டிருந்தது. இன்னொரு இலையைத் திருப்பினாள், இன்னொன்றை. ரொம்ப நேரம் பார்த்தாள். ஒட்டியிருந்த சிலந்தி வலையைக் கையால் விலக்கிக்கொள்ளவும் செய்தாள்.

“எனக்குக் கொஞ்சம் குடு அம்மணி. பத்துக் கொப்பு ஒடிச்சுக் குடுத்தாக்கூடப் போதும். கொண்டுபோய் என்ற செடியில உட்டுப்போடறேன்.”

“அந்தப் பாட்டல மறுபடி அடிச்சீங்கன்னா ஒரே நாள்ல செத்துப்போகும்ங்க.”

“அதத்தான் அன்னைக்கே கொட்டிப்போட்டனே.”

“என்னைக்குங்க?”

“நீ எழுதிப்போட்டுப் போன அன்னைக்கு. நீ போனதும் நானும் போய் மோந்து பாத்தேன்.” சொல்லிவிட்டு சாமியாத்தாள் நிறுத்திக்கொண்டாள். சொன்னது என்னவென்று அவளுக்குப் பிறகுதான் புரிந்திருக்க வேண்டும்.

இந்த இருபது நாளும் இந்த அம்மா தன்னைப் பொய் சொன்னவள் என்று நினைத்துக்கொண்டுதான் தண்ணீரை நிறுத்தினாள் என்று பொற்கொடி நம்பியிருந்தாள். அதில் கொஞ்சம் ஆறுதல்கூட இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. எழுதியது உண்மை என்று முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் நிறுத்தியிருக்கிறாள்.

“மோட்டார் சரியாயிருச்சுங்களா?” என்று கேட்டாள். பழக்கதோஷம், நாக்கு அப்படித்தான் வரும்.

“ஆமா, நேத்துத்தான் காயில் கட்டிக் கொண்டாந்து…”

“மோட்டார் கெடலீங்கம்மா.”

அவள் இவ்வளவு நேராக யாரிடமும் பேசியதில்லை. சாமியாத்தாள் கவரின் வாயை மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

“கெடல” என்றாள் கடைசியில்.

பொற்கொடி தலையை ஆட்டினாள். இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து, புழு அதிகமாக இருந்த கொப்புகளாகப் பார்த்து மூன்றை அறுத்தாள். சாமியாத்தாளின் கவரில் பூச்சி நசுங்காமல் அவற்றை நிறுத்தி வைத்தாள்.

“மூணுதானா? பத்தாச்சும் குடு அம்மணி. ஒன்றரை ஏக்கரா கெடக்குது.”

“இதுக்கு மேல எடுத்தா எனக்கு நிக்காதுங்க.” பொற்கொடி கத்தியால் கீழ்ப்பக்கத்தைக் காட்டினாள். சருகாய் நின்ற செடிகள் வெயிலில் சலசலத்தன. “நீங்க கேக்கறது அங்கதானுங்க நெறைய இருந்துது. எலைக்கு நாலஞ்சு இருக்கும்ங்க. கூடை கூடையா ஒடிச்சுக் குடுத்திருப்பேன். தண்ணி இல்லாம செடியோட அதுகளும் போயிருச்சுங்க.”

சாமியாத்தாள் கீழ்ப்பாத்தியைப் பார்த்தபடி நின்றாள். முகத்தில் என்ன ஓடியது என்று பொற்கொடி பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை. பிறகு அந்த அம்மா கவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வந்ததைவிட மெதுவாக வரப்பில் நடந்து போனாள். வாரேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

அரை மணி நேரத்தில் கிழக்கே மோட்டார் சத்தம் கேட்டது. அன்றைக்குத் தண்ணீர் முறையே இல்லை. குழாய் இரண்டு தடவை காற்றைத் துப்பிவிட்டு, பிறகு தண்ணீரைக் கொட்டியது. பொற்கொடி மண்வெட்டியை எடுத்து மேல்பாத்திகளுக்கு மடையைத் திருப்பினாள். கீழ்ப்பாத்தி மடை மண்போட்டு அடைத்தபடி இருந்தது. அவள் அதைத் திறக்கவில்லை.